எத்தனை மணிக்கு எழும்புகிறான்? ஒரு மாணவனின் மூச்சுமுட்டலும் ஐந்து துறை உளவியலாளர்களும்

பரிந்துரை

வயது 15. தரம் 10. கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலை. இரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை வகுப்பில் மூச்சுமுட்டி, நெஞ்சு இறுகி, விரல்கள் விறைத்து மேசையில் சாய்ந்திருக்கிறான். மூன்றாவது தடவை அதிபர் 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைக்க, சுவசெரிய அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எதிலும் குறையில்லை. உடம்பில் ஒன்றுமில்லை என்று கண்ட வைத்தியர் உளவியலாளருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டே வரிதான் இருந்தது: மூச்சுமுட்டல், காரணம் தெரியவில்லை, வதிவிடம் கொச்சிக்கடை, 2019 தாக்குதலின் பாதிப்பாக இருக்குமா?

கடிதம் எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது இந்தப் பையனுக்கு 9 வயது. வீடு ஆலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். நாடெங்கும் 250க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாளுக்குப் பிறகு, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளை ஒன்றுக்குப் பயம் வந்தால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். எழுதுவதற்குத் தாயும் மகனும் சம்மதித்திருக்கிறார்கள்.

பையனைப் பார்த்த வைத்தியசாலை உளவியலாளர் தாக்குதலைப் பற்றியே முதலில் கேட்டார். பையன் ஒளிக்காமல் சொன்னான். பெரிய சத்தம் கேட்டதாம், யன்னல் ஆடியதாம், அம்மா கதவைச் சாத்திவிட்டாராம். சொல்லும்போது குரல் மாறவில்லை, உடம்பு இறுகவில்லை. கெட்ட கனவு இல்லை. அந்த வழியை அவன் தவிர்ப்பதும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் தாயோடு அதே ஆலயத்துக்குத்தான் போகிறான். அவர்கள் சைவக் குடும்பம். ஆனால் கொச்சிக்கடையில் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போகிறவர்களை யாரும் சமயம் கேட்பதில்லை. நினைவு மீண்டும் மீண்டும் வந்து தாக்குவது, நினைவூட்டும் இடங்களை ஒதுக்குவது என்று நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுக் கோளாறுக்குத் தேவையான அடையாளங்கள் எவையும் அவனிடம் சேரவில்லை. உளவியலாளர் அந்தக் கேள்விக்குறியை அழித்துவிட்டு ‘பீதித் தாக்கம்’ என்று எழுதினார். அது சரியான முடிவு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பீதிக்கு உளவியலாளர்களான எங்களிடம் நல்ல விளக்கம் இருக்கிறது. 1986இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் முன்வைத்த மாதிரி அது: உடம்பில் சாதாரணமாக ஒரு மாற்றம் நடக்கிறது, நெஞ்சு கொஞ்சம் படபடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ‘மாரடைப்பு’, ‘சாகப்போகிறேன்’ என்று மனம் தவறாக வாசிக்கிறது. பயம் ஏற மூச்சு வேகமெடுக்கிறது, வேகமான மூச்சால் விரல் விறைக்கிறது, விறைப்பைக் கண்டு பயம் இன்னும் ஏறுகிறது. உளவியலாளர் அறைக்குள்ளேயே பையனை வேண்டுமென்று வேகமாக மூச்சுவிடச் சொன்னார். ஒரு நிமிடத்தில் விரல் விறைத்தது. “இதேதான் மிஸ், இதேதான்!” என்று சிரித்தானாம். அடுத்த தடவை வரும்போது மூச்சை எப்படி மெதுவாக்குவது என்று பழகிக்கொண்டும் போனான்.

அறையில் எல்லாம் சரியாக நடந்தது. பாடசாலையில் நான்காவது தடவையும் சாய்ந்தான். வீட்டில் எழுதிவரச் சொன்ன குறிப்புகள் வெறுமையாகத் திரும்பின. அமர்வுகளில் கொட்டாவி. அந்தக் கட்டத்தில்தான் கேஸ் எங்கள் கூட்டத்துக்கு வந்தது.

சனிக்கிழமை

மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் கூடுகிறோம். வைத்தியசாலையில் இருப்பவர் ஒருவர். பாடசாலைகளுக்குப் போகிறவர் ஒருவர். ஆடைத் தொழிற்சாலைகளோடும் கோல் சென்டர்களோடும் வேலை செய்பவர் ஒருவர். புதுக்கடை நீதிமன்றங்களுக்குச் சிறுவர் பற்றிய அறிக்கை எழுதுகிறவர் ஒருவர். மஹரகமவில் புற்றுநோயாளரோடும் குடும்பங்களோடும் இருப்பவர் ஒருவர். நான் தனியாக கிளினிக் நடத்துகிறேன், கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. எல்லோரும் படித்தது ஏறக்குறைய ஒரே பாடப்புத்தகங்கள். ஆனால் பத்து வருடம் வேறுவேறு கட்டடங்களில் வேலை செய்தபின் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் விளங்குகிறது. தொழிற்சாலைக்காரரை மற்றவர்கள் ‘எச்.ஆர்.’ என்று கிண்டலடிப்பதும், அவர் எங்களை ‘அறைக்குள் இருக்கிறவர்கள்’ என்று திருப்பிச் சொல்வதும் வழமை.

கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி: முதல் அரை மணித்தியாலம் கேள்வி மட்டும், ஆலோசனை கிடையாது. கேட்க லேசாக இருக்கும். உளவியலாளர்களுக்கு இது பெரிய தண்டனை.

இந்த விதியை வைத்தபின் எனக்கு ஒன்று விளங்கியது. ஒவ்வொரு துறைக்கும் வாய்ப்பழக்கமாக ஒரு முதல் கேள்வி இருக்கிறது. வைத்தியசாலை ‘என்ன செய்கிறது?’ என்று கேட்கும். பாடசாலை ‘அப்போது வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது?’ என்று கேட்கும். நீதிமன்றம் ‘இதை யார் கேட்டார்கள், எதற்கு?’ என்று கேட்கும். எந்தக் கேள்வியோடு போகிறோமோ அதற்கு அகப்படுகிறதுதான் எங்களுக்குக் கண்ணில் படுகிறது. கொழும்பில் நோயாளி எந்த வாசலால் நுழைகிறார் என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. அது தற்செயல்தான்: அதிபர் அம்புலன்ஸுக்கு அழைத்ததால் இந்தப் பையன் வைத்தியசாலைக்குப் போனான். அதே அதிபர் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தால் ‘ஒழுங்கீனம்’ என்ற தலைப்பில் இன்னொரு கோப்பு பிறந்திருக்கும்.

பாடசாலை உளவியலாளரின் கேள்வியில் உடனே ஒன்று அகப்பட்டது. எந்தப் பாடவேளை? நான்கு தடவையும் இரண்டாம் பாடவேளை. என்ன பாடம்? மூன்று தடவை வரலாறு, ஒரு தடவை தமிழ். இரண்டிலும் ஆசிரியர் வரிசைப்படி பிள்ளைகளை எழுப்பி உரத்து வாசிக்கச் சொல்கிறவர்.

பாடசாலைக்குப் போக மறுக்கும் பிள்ளைகளைப் பற்றி 1990இல் உளவியலாளர்கள் கேர்னியும் சில்வர்மனும் கொடுத்த சட்டகத்தை அவர் கையில் எடுத்தார். போகாமல் இருப்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கச் சொல்வது அது: மனதுக்கு ஒவ்வாத உணர்விலிருந்து தப்புவது, பிறர் மதிப்பிடும் இடத்திலிருந்து தப்புவது, வீட்டாரின் கவனத்தைப் பெறுவது, வெளியில் வேறேதோ இனிப்பான ஒன்றைப் பெறுவது. இவனுக்கு இரண்டாவது பொருந்துகிறது என்றார். சக மாணவர் முன்னால் தட்டுத்தடுமாறி வாசிப்பதிலிருந்து மூச்சுமுட்டல் அவனைக் காப்பாற்றுகிறது. பையன் முதலாம் இரண்டாம் தரங்களைச் சிங்களமொழி வகுப்பில் படித்துவிட்டுப் பிறகு தமிழுக்கு மாறியவன் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. கொழும்பில் இது புதினமில்லை. இடம் கிடைத்த பாடசாலையில் சேர்த்துவிட்டு, பிறகு மாற்றுவார்கள். 247 எழுத்தையும் மற்றப் பிள்ளைகள் இரண்டு வருடமாக எழுதி எழுதிப் பழகிய பிறகு இவன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறான். தமிழில் வாசிப்புக் கஷ்டம் பிழையாக வாசிப்பதில் தெரிவதைவிட மெதுவாக வாசிப்பதில்தான் அதிகம் தெரியும். எழுத்துக்கூட்டினால் சொல் எப்படியும் வந்துவிடும், நேரம்தான் எடுக்கும். அதனால் பல ஆசிரியர்கள் ‘சோம்பேறி’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நல்ல விளக்கம். அறையில் தலைகள் ஆடின. ஆனால் வாசிக்கச் சொல்லும் ஆசிரியர் வருட ஆரம்பத்திலிருந்து இருக்கிறார், மூச்சுமுட்டல் இரண்டு மாதமாகத்தான் வருகிறது என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் இல்லை.

மஹரகமக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அப்பா எங்க?” அப்பா ஒரு நாளும் வரவில்லை, ‘வேலை’ என்று தாய் சொன்னதோடு சரி.

தொழிற்சாலைக்காரர் அதுவரை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “பொடியன் எத்தனை மணிக்கு எழும்புறான்?” என்று கேட்டார்.

கோப்பில் ‘தூக்கம்: பிரச்சினை இல்லை’ என்று இருந்தது. அதற்கு ஆதாரம் தாயின் வாக்குமூலம். “நல்லாத் தூங்குவான் மிஸ். போட்ட இடத்துலயே தூங்கிருவான்.”

“போட்ட இடத்துல தூங்குறவன் தூக்கம் போதாதவன்,” என்றார் அவர். “எங்கட நைட் ஷிஃப்ட் பிள்ளைகள் பஸ்ஸுல நின்டுகொண்டே தூங்கும்.”

அவர் துறையில் அது மனப்பாடமான கேள்வி. ஒரு தையல் வரிசையில் ஊசி விரலில் ஏறுவது திடீரெனக் கூடினால், ஆளின் மனநிலையைப் பற்றிப் பேசுவதற்கு முதல் ஷிஃப்ட் அட்டவணையைத்தான் கேட்பார்கள். வருகைப் பதிவேட்டை அவர் தொழிற்சாலை வருகையை வாசிக்கிற மாதிரியே வாசித்தார். எத்தனை நாள் வரவில்லை என்பதை விட்டுவிட்டு, எந்த நாட்கள் ஒன்றாகக் குவிகின்றன என்று பார்த்தார். வராத நாட்கள் வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாட்களில் விழுந்தன. பண்டிகைகளுக்கு முந்திய வாரங்களில் அடர்ந்தன. மூச்சுமுட்டிய நான்கு நாட்களும் அதே கிழமைகள்.

“பயத்துக்குக் கலண்டர் இல்லை,” என்றார். “வேலைக்குத்தான் இருக்கு.”

சந்தை

அடுத்த சந்திப்பில் வைத்தியசாலை உளவியலாளர் பையனிடம் பாடசாலையைப் பற்றிக் கேட்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து இன்று காலை வரை மணித்தியாலக் கணக்கில் சொல்லச் சொன்னார். பையன் தாயைப் பார்த்தான். தாய் நிலத்தைப் பார்த்தார்.

தகப்பன் மெனிங் மரக்கறிச் சந்தையில் நாட்டாமி, மூட்டை தூக்கும் கூலியாள். சந்தை புறக்கோட்டையில் இருந்த காலத்தில் நடந்தே போய்விடுவார். 2020இல் சந்தை பேலியகொடைக்கு மாறியபின் நடு இரவில் போக லொறியோ முச்சக்கரவண்டியோ தேவைப்பட்டது. 2022இல் விலைவாசி ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அப்போது வாங்கிய நுண்கடனை இன்னும் கட்டுகிறார்கள். போன வருடக் கடைசியில் மூட்டை இறக்கும்போது தகப்பனின் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி, மூட்டை தூக்காத நாளுக்கு ஒன்றுமில்லை. அப்படித்தான் வாரத்தில் இரண்டு இரவு மகன் கூடப் போகத் தொடங்கினான். பிறகு மூன்று இரவு. பண்டிகை நெருங்கினால் ஒவ்வொரு இரவும்.

நுவரெலியா லொறி வரும் நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும். ஒன்றரைக்கு எழும்பி, ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, ஆறே முக்காலுக்குப் பாடசாலைக்குக் கிளம்புகிறான். காலையில் சாப்பாடு இறங்காது. சந்தையில் நாலைந்து பிளேன்டீ. கடைக்காரர் சிலர் தூக்கம் வராமல் இருக்க எனர்ஜி டிரிங்க் டின் ஒன்றும் கொடுப்பார்கள். பிள்ளைகளின் இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். அந்த இரவுகளில் அவனுக்குக் கிடைத்தது முன்னிரவில் ஒரு மூன்று மணித்தியாலம்.

உளவியலாளர் அவன் கையைக் காட்டச் சொன்னார். உள்ளங்கையில், விரல்களின் அடியில், மஞ்சளாகத் தடித்த காய்ப்பு வரிசை. வலது தோளில் சட்டைக் கழுத்துக்குள் கறுத்த தழும்பு. சாக்கு உரசாமல் இருக்க நாலாக மடித்த பழைய துவாய் ஒன்றை வைப்பதாகச் சொல்லி, துவாய் இல்லாமலே எப்படி வைப்பது என்று செய்து காட்டினான். லீக்ஸ் மூட்டை பாரமில்லை, கரட்தான் சனியன் என்றான். அந்தப் பையன் அமர்வில் அவ்வளவு உற்சாகமாகப் பேசியது அன்றுதான் என்று குறிப்பில் இருக்கிறது.

“அப்பா இடுப்பப் பிடிச்சிக்கிட்டு ஏத்துறாரு. அதப் பாத்துக்கிட்டு வீட்டுல படுக்க ஏலுமா மிஸ்?”

இனிக் கணக்கைப் போடுங்கள். மூன்று மணித்தியாலத் தூக்கம், வெறும் வயிறு, நாலைந்து தேநீரும் ஒரு டின்னும் தந்த கஃபீன், மாதக்கணக்கான களைப்பு. எட்டு மணிக்கு மேல் நெஞ்சு படபடக்காவிட்டால்தான் அதிசயம். அந்த நேரம் பார்த்து வாசிப்பு முறை இவன் வரிசையை நெருங்குகிறது. படபடப்பைச் சாவு என்று வாசிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? கிளார்க்கின் சுழல் அப்படியே வேலை செய்கிறது. சுழலுக்குள் முதலில் விழுகிற அந்தச் ‘சாதாரண மாற்றம்’ எங்கிருந்து வந்தது என்பதுதான் பேலியகொடையில் இருந்தது.

தாய் ஏன் சொல்லவில்லை? தாய் பொய் சொல்லவில்லை. முகத்துவாரத்தில் காளி அம்மனுக்கு நேர்ந்து, நூல் கட்டி, கண்ணூறு கழித்து, செவ்வாய்தோறும் மெழுகுதிரி கொளுத்தி, தனக்குத் தெரிந்த எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்திருக்கிறார். சந்தை வேலை சட்டத்துக்கு மாறு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைக் காகிதத்தில் எழுதுகிற ஒருவர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு என்ன பைத்தியமா?

கோப்பில் எதை எழுதுவது

இரண்டாவது கூட்டத்தில் சண்டை வந்தது. சண்டை என்றே சொல்கிறேன்.

இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வியும் 16 வரை. பாரம் தூக்குவதும் இரவு வேலையும் என்றால் கதை இன்னும் மோசம். பாடசாலை உளவியலாளர் தெளிவாகச் சொன்னார்: இது இன்றிரவே நிற்க வேண்டும், நிற்காவிட்டால் 1929க்கு அழைக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் சுவரில் ஒட்டுவதற்காக அச்சடிக்கப்பட்டதில்லை என்றார். வைத்தியசாலை உளவியலாளருக்குக் கோபம். நம்பிக்கை வைத்து வாய் திறந்த குடும்பம் மறுநாள் பொலிஸைக் கண்டால், அந்தக் குடியிருப்பில் இனி எந்தத் தாய் எங்களிடம் வாய் திறப்பார்?

தொழிற்சாலைக்காரர் வழமைக்கு மாறாக அடங்கியிருந்தார். ஒரு கம்பனியாக இருந்தால் முகாமையாளரோடு பேசலாம், ஷிஃப்ட்டை மாற்றலாம், இடுப்பு வலிக்காரருக்கு இலேசான வேலை கேட்கலாம். நாட்டாமிக்கு முதலாளி யார்? மூட்டை யாருடையதோ அவர், அந்த மூட்டை இறங்கும் வரைக்கும். ஊழியர் சேமலாப நிதி இல்லை, சுகவீன விடுமுறை இல்லை. “என்ட சாமான் ஒன்டும் அங்க வேலை செய்யாது,” என்றார்.

திருப்பம் நீதிமன்ற உளவியலாளரிடமிருந்து வந்தது, அதுவும் நாங்கள் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை. சட்டத்தோடு புழங்குகிறவர் சட்டத்தைத் தூக்கிப் பிடிப்பார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு: இந்தக் கோப்பை நாளைக்கு யார் வாசிப்பார்கள்? ‘தகப்பன் பிள்ளையை இரவு வேலைக்கு அனுப்புகிறார்’ என்று எழுதினால், ஒரு வருடம் கழித்து ஏதோவொரு வழக்கில் அந்த ஒரு வரி மட்டும் வெட்டியெடுக்கப்பட்டு வாசிக்கப்படும். இடுப்பு வலியும் கடனும் வாசிக்கப்படா. ஏழைப் பிள்ளைகள் சிறுவர் இல்லங்களுக்குப் போவது பல நேரங்களில் இப்படி வெட்டிய வரிகளால்தான் என்றார். மறைக்கச் சொல்லவும் இல்லை. முழுவதையும், காரணத்தோடு, பையனின் சொற்களோடு எழுதுங்கள். பிறகு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நீங்களே பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போங்கள். முறைப்பாடு அவர்களைத் தேடி வருவதற்கு முன்னால் அவர்களே உதவி கேட்டுப் போனதாக இருக்கட்டும்.

பாடசாலை உளவியலாளர் கடைசி வரை உடன்படவில்லை. அந்தச் சந்திப்பு நடக்கும் வரையுள்ள இரவுகளில் பிள்ளையின் முதுகெலும்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனாலும் நான் நீதிமன்றக்காரரின் பக்கம். தொலைபேசி அழைப்பு ஒரு பிள்ளையைக் காப்பாற்றும் இடங்கள் உண்டு; வீட்டுக்குள் அடியும் பாலியல் கொடுமையும் இருக்கிற இடத்தில் ஒரு நிமிடமும் யோசிக்கக்கூடாது. இங்கே பிள்ளைக்குக் கேடு செய்தது அந்தக் குடும்பத்தின் வருமானம்.

மஹரகமக்காரரின் பழைய கேள்விக்கு வருவோம். வேதனையில் இருப்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால் முழு வீடும் அவரைச் சுற்றி வளைந்து நிற்கும் என்பது அவர் தினமும் பார்ப்பது. நாங்கள் எல்லோரும் மகனைச் சுற்றி நிற்க, தகப்பனின் இடுப்பை இதுவரை ஒரு வைத்தியரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை அவர்தான் சொன்னார்.

இப்போது

முதலில் நின்றது டின். அது லேசாக நின்றது. கஃபீனுக்கும் படபடப்புக்கும் உள்ள தொடர்பைப் பையன் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். தகப்பன் தேசிய வைத்தியசாலை கிளினிக்குக்குப் போனார். முள்ளந்தண்டு வட்டு விலகியிருக்கிறது, பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். இப்போது ஒரு கடைக்காரருக்கு மூட்டை எண்ணிக் கணக்கெழுதுகிறார். வருமானம் முன்னையதைவிடக் குறைவு. அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தது. உத்தியோகத்தர் மேன்முறையீட்டைத் தானே நிரப்பிக் கொடுத்தார், முடிவு வரவில்லை. நுண்கடன்காரர் வாரா வாரம் வருகிறார்.

பையன் எங்களோடு கோபித்துக்கொண்டு சில அமர்வுகளுக்கு வரவே இல்லை. ‘அம்மா சொல்லிக் குடுத்துட்டாங்க’ என்பது ஒன்று. தன் உழைப்பை எல்லோரும் சேர்ந்து நோயாக்கிவிட்டார்கள் என்பது மற்றது, அதுதான் பெரியது. திரும்பி வந்ததும் உளவியலாளர் பீதிக்கான பயிற்சியை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. இரவுச் சந்தை நின்றபின் ஒரு தடவை வகுப்பில் மூச்சு முட்டியது. தானே மெதுவாக்கி, சாயாமல் உட்கார்ந்திருக்கிறான். அதற்குப் பிறகு இல்லை.

தொழிற்சாலைக்காரர் இதைச் சொல்லிச் சொல்லி எங்களை ஒரு மாதம் வதைத்தார். ஆனால் பாடசாலை உளவியலாளர் தன் கேள்வியை விடவில்லை. வரலாற்று ஆசிரியரோடு பேசி, முன்னறிவித்தல் இல்லாமல் பையனை வாசிக்க எழுப்புவதில்லை என்று சம்மதம் வாங்கினார். பிறகு, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், தனியாக உட்காரவைத்துத் தரம் 6 பாடநூலிலிருந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். பிழை அநேகமாக இல்லை. வேகம் தரம் 3 பிள்ளையின் வேகம். களைப்பால் மட்டும் வந்ததாக இருந்தால் அது இப்போது ஏறியிருக்க வேண்டும் என்கிறார். எங்கள் அலமாரியில் இருக்கும் நுண்மதிச் சோதனை இந்தியப் பிள்ளைகளின் புள்ளிகளை அளவுகோலாகக் கொண்ட பதிப்பு. அதை வைத்து இவனைப் பற்றி ஒரு இலக்கமும் எழுதமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால், சொற்பட்டியல்களையும் வாசிப்புப் பந்திகளையும் அதே பாடசாலையின் மற்ற மாணவர்களிடமும் கொடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்பதானால் விண்ணப்பத்துக்கு அந்தத் தாள்கள் வேண்டும். அடுத்த சனிக்கிழமை கொண்டுவருகிறார்.